புறாத்தீவு: கல் என்று நினைத்த உயிர்கள்

(உயர்தர மாணவி, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு)

உயிரியல் பாடத்தில் விலங்கு இராச்சியத்தைப் படிக்கும்போது நிடாரியா என்ற கணம் வரும். ஜெலிமீன், கடலனிமனி, முருகைக்கல் எல்லாம் அதற்குள் அடங்கும். நானும் அதை மனனம் செய்து, பரீட்சையில் எழுதி, புள்ளியும் எடுத்திருக்கிறேன். ஆனால் முருகைக்கல் ஒரு விலங்கு என்பதை நான் உண்மையிலேயே நம்பியது சென்ற ஓகஸ்ட் விடுமுறையில்தான். அதுவும் புறாத்தீவுக் கடலில் அதன் மேல் கால் வைத்து, அதை உடைத்த பிறகு. அந்த ஒரு மிதியைப் பற்றியும், அது என்னை எங்கள் வீட்டுச் சுவர் வரை கூட்டிக்கொண்டு போனதைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன்

எங்கள் உயிரியல் ஆசிரியை கல்விச் சுற்றுலாவுக்கான சம்மதக் கடிதத்தைத் தந்தபோது வகுப்பே சந்தோசத்தில் சத்தமிட்டது. நான் மட்டும் சத்தமிடவில்லை. எங்கள் வீட்டில் கடல் என்ற சொல்லே மெதுவாகத்தான் பேசப்படும். 2004 டிசம்பர் 26 இல் என் உம்மா தன் சாச்சியைக் கடலுக்குக் கொடுத்தவர். அன்றிலிருந்து உம்மா கடற்கரைக்குப் போனதில்லை.

"கடலும் வேணாம், ஒண்டும் வேணாம். நீ படிச்சிப் பாஸ் பண்ணினாப் போதும்" என்று உம்மா கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

அடுத்த நாள் ஆசிரியை வீட்டுக்கு வந்தார். மூன்று படகுகள் எங்களுக்கு மட்டும் பேசப்பட்டிருப்பதையும், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருப்பதையும், கைகால் முழுவதும் மூடிய நீச்சல் உடையும் தலைமூடியும் அணிந்துதான் இறங்குவோம் என்பதையும், இரண்டு ஆசிரியைகளும் சில தாய்மாரும் கூட வருவதையும் சொன்னார். உம்மா நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வாப்பாவைப் பார்த்தார். வாப்பா கையெழுத்து வைத்தார்.

சுபஹ் தொழுகை முடித்துப் பேருந்தில் ஏறினோம். வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர் என்று வடக்கே போனோம். கிண்ணியாவில் 2009 இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான பாலத்தைக் கடந்தோம். முன்பெல்லாம் இவ்விடத்தில் பாதையில்தான் வாகனங்களை ஏற்றி அக்கரைக்குக் கொண்டு போவார்கள் என்று ஆசிரியை சொன்னார். திருகோணமலை நகரையும் உப்புவெளியையும் தாண்டி நிலாவெளிக் கரையில் இறங்கினோம். கடல் குளம் போல் கிடந்தது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை எங்கள் கிழக்குக் கடல் இப்படித்தான் அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் படகு போகாது.

புறாத்தீவு என்பது என்ன?

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு படகில் ஏறினோம். தீவு கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. உண்மையில் அவை இரண்டு தீவுகள். பெரிய புறாத்தீவு சுமார் 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 45 மீற்றர். சிறிய புறாத்தீவு பாறைகள் சூழ்ந்தது. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டி வாழ்வதால் இந்தப் பெயர் வந்தது. நகரங்களில் நாம் காணும் புறாக்கள் எல்லாம் இந்த இனத்திலிருந்து வந்தவைதாம். இங்கே அவை யாரும் வளர்க்காத காட்டுப் பறவைகளாக வாழ்கின்றன.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தத் தீவு துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்டது. 1963 இல் சரணாலயமாகவும், 2003 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. கடலையும் சேர்த்துப் பூங்காவின் பரப்பு 471 ஹெக்டெயர். சுற்றியுள்ள கடலில் சுமார் 100 வகை முருகைக்கற்களும் 300 வகை மீன்களும் பதிவு செய்யப்பட்டுள்ளன.

படகில் ஒரு தோழி, "மிஸ், இது எரிமலைத் தீவா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். நடுக்கடலில் தனியாக ஒரு கூம்பு நிற்கிறது; பக்கத்திலேயே கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஆனால் இலங்கையில் எரிமலை கிடையாது. நம் நாட்டின் பெரும் பகுதி, பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறைகளால் ஆனது. புறாத்தீவும் அப்படிப்பட்ட பாறைதான். கன்னியாவில் நீர் சுடுவதற்குக் காரணம், மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டில் சூடேறி மீண்டும் மேலே வருவதே.

எரிமலைத் தீவும் முருகைக்கல்லும்

தோழியின் கேள்வியால் ஆசிரியை இன்னொரு பாடத்தையும் படகிலேயே நடத்திவிட்டார். உலகில் பல முருகைக்கல் தீவுகளுக்கு அடியில் எரிமலை இருக்கிறது. 1836 இல் இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகளைப் பார்த்த சாள்ஸ் டார்வின், அது எப்படி நடந்திருக்கும் என்பதை 1842 இல் ஒரு நூலாக வெளியிட்டார். எரிமலைத் தீவு ஒன்று கடலில் எழுகிறது. அதன் கரையைச் சுற்றி முருகைக்கல் வளர்கிறது. காலம் போகப் போக எரிமலை மெல்ல மெல்லக் கீழே அமிழ்கிறது. முருகைக்கல்லோ சூரிய ஒளியைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் மலை மறைந்துபோக, வளையம் மட்டும் மிஞ்சுகிறது. 1952 இல் பசுபிக் சமுத்திரத்தின் எனிவெற்றொக் தீவில் துளையிட்டுப் பார்த்தபோது, 1,200 மீற்றருக்கும் அதிகமான சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே எரிமலைப் பாறை அகப்பட்டது. நூற்றுப்பத்து வருடங்களுக்குப் பிறகு டார்வின் சொன்னது சரியென்று ஆனது. நம் ஊரவர்கள் தொழிலுக்குப் போகும் மாலைதீவும் இவ்வாறு அமிழ்ந்த எரிமலைகளின் மேல் வளர்ந்த தீவுக் கூட்டமே.

எரிமலை வாய் பாதி அமிழ்ந்து பிறைபோல் நிற்கும் தீவு ஒன்றும் இருக்கிறது. அது ஹவாயின் மவுயி தீவுக்கு அருகிலுள்ள மொலக்கினி. நம் புறாத்தீவைப் போலவே அதுவும் ஒரு காலத்தில் ஆயுதப் பயிற்சிக்குப் பயன்பட்டு, அங்கே அமெரிக்கக் கடற்படை குண்டுகளை வீசியது. 1977 இல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி ஆனது. இன்று அங்கே படகுகள் நங்கூரம் போடுவதில்லை. மிதவைகளில் கட்டி நிற்கின்றன. கொரோனாக் காலத்தில் சுற்றுலா நின்றிருந்தபோது ஆய்வாளர்கள் அங்கே ஒன்றைக் கவனித்தார்கள். பெரிய மீன்கள் ஆழமற்ற பகுதிக்குத் திரும்பி வந்தன. ஆட்கள் மீண்டும் வரத் தொடங்கியதும் விலகிப் போயின. நாம் எதையும் தொடாமல் பார்த்துவிட்டு வந்தாலும், நாம் வந்தது மீன்களுக்குத் தெரிகிறது என்பதே இதன் பொருள்.

நீருக்குள்

கரையில் கால் வைத்ததும் சரசரவென்று சத்தம். மணல் என்று நினைத்தது முழுவதும் செத்து வெளுத்த முருகைத் துண்டுகள். விரல் போன்றவை, பூப் போன்றவை, மூளை மடிப்புப் போன்றவை என்று எத்தனையோ. கையில் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் பையில் போடக்கூடாது என்று படகோட்டி அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார்.

கண்ணாடி முகமூடியையும் மூச்சுக்குழாயையும் மாட்டுவதற்கு அவர் கற்றுத் தந்தார். வாயால் மட்டும் மூச்சு எடுக்க வேண்டும். கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் பயப்படாமல் தலையைத் தூக்கி வெளியேற்ற வேண்டும். "கால மட்டும் கீழ வைக்காதீங்க தங்கச்சி. மிதங்க. அங்கி உங்கள விடாது" என்று இரண்டு தரம் சொன்னார்.

முகத்தை நீருக்குள் வைத்தேன். பதினேழு வருடமாகக் கடலுக்குப் பக்கத்தில் வாழ்ந்த நான், அப்போதுதான் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மான்கொம்பு போலக் கிளைவிட்ட கற்கள், மேசை போல் விரிந்த கற்கள். நீலமும் பச்சையுமாகக் கிளிமீன் ஒன்று கல்லைக் கடிக்கும் சத்தம் காதில் தெளிவாகக் கேட்டது. அது கல்லோடு ஒட்டிய பாசியைச் சுரண்டித் தின்று, கல்லை மணலாக வெளியே விடுகிறது. வெள்ளை மணற் கரைகளில் ஒரு பங்கு இந்த மீன்களின் வயிற்றிலிருந்து வந்தது என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. அழுங்காமை ஒன்று எங்களைக் கவனிக்காமலே கடந்து போனது. மறுபக்கம் செட்டையின் நுனி கறுத்த இளம் சுறாக்கள் ஆழமற்ற நீரில் சுற்றிக்கொண்டிருந்தன. இவை சிறு மீன் தின்னும் வகை. நாங்கள் அவற்றுக்குப் பயந்ததைவிட அவை எங்களுக்குப் பயந்து விலகின.

அப்போதுதான் என் கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தது. சொல்லித் தந்த எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாபகத்துக்கு வந்தது உம்மாவின் சாச்சி மட்டும்தான். பதறிப்போய் நின்றுவிட்டேன். காலுக்குக் கீழே முறுக்கு நொறுங்குவதுபோல் ஏதோ உடைந்தது.

அண்ணன் ஒரே பாய்ச்சலில் வந்து என்னைப் பிடித்து மிதக்க வைத்தார். ஏசவில்லை. நான் மூச்சு வாங்கி முடித்ததும், "கீழ பாருங்க" என்று மட்டும் சொன்னார். நான் நின்ற இடத்தில் மான்கொம்பு முருகையின் மூன்று கிளைகள் முறிந்து வெள்ளையாகத் தெரிந்தன.

கல்லா, உயிரா?

முறிந்தது என்ன என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும்.

முருகைக்கல் என்பது ஆயிரக்கணக்கான சிறு விலங்குகளின் கூட்டுக் குடும்பம். ஒவ்வொரு விலங்கையும் பொலிப்பு என்பார்கள். பெரும்பாலானவை சில மில்லிமீற்றர் அளவுதான். சிறிய பை போன்ற உடல், ஒரு வாய், வாயைச் சுற்றிப் பரிசக்கொம்புகள். அந்தப் பொலிப்பு கடல் நீரிலிருந்து கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்து, தனக்குக் கீழே கல்சியம் காபனேற்றால் ஒரு கிண்ணம் கட்டுகிறது. அதுதான் நாம் காணும் கல். உயிருள்ள பகுதி அதன் மேலே மெல்லிய தோல் போல மட்டுமே இருக்கிறது.

அந்தத் தோலுக்குள் இன்னும் ஒரு சிறிய குடித்தனம் நடக்கிறது. சூசாந்தெல்லே எனப்படும் ஒருகல அல்காக்கள் பொலிப்பின் கலங்களுக்குள் வாழ்கின்றன. பொலிப்பு அவற்றுக்கு இடமும் காபனீரொட்சைட்டும் கொடுக்கிறது. அல்காக்கள் ஒளித்தொகுப்புச் செய்து, உருவாக்கிய உணவில் பெரும் பங்கைப் பொலிப்புக்குக் கொடுக்கின்றன. நாம் பாடத்தில் படிக்கும் ஒன்றியவாழ்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. முருகைக்கல்லின் நிறத்தில் பெரும்பகுதியும் இந்த அல்காக்களிடமிருந்தே வருகிறது.

கடல் நீரின் வெப்பம் வழமையான கோடைகால உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றால் இந்தக் குடும்பம் பிரிந்துவிடும். பொலிப்பு அல்காக்களை வெளியேற்றும். கல் வெள்ளையாகும். இதையே வெளிறல் என்கிறோம். வெப்பம் விரைவில் குறைந்தால் அல்கா திரும்பி வரும்; குறையாவிட்டால் பொலிப்பு பட்டினியால் சாகும். 1998 இல் எல் நினோவால் இலங்கையைச் சுற்றிப் பெரும் வெளிறல் ஏற்பட்டது. அதில் பாசிக்குடா உட்படப் பல இடங்களில் கற்கள் மடிந்தன; புறாத்தீவுக் கற்கள் பெரும்பாலும் தப்பின. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

மான்கொம்பு வகை வருடத்துக்குப் பத்துச் சதமமீற்றர் அளவு வளரக்கூடியது. உருண்டைக் கல் வகைகளோ வருடத்துக்கு ஒரு சதமமீற்றர்தான். ஓர் ஆள் உயர உருண்டைக் கல்லுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது வயது இருக்கும். ஒரு நாளைக்கு நூறு பேர் வருகிறார்கள், அவர்களில் பத்துப் பேர் என்னைப் போல ஒரே ஒரு தரம் பதறி நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதப் பருவத்தில் ஆயிரத்து இருநூறு உடைவுகள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் கல் உடைந்திருக்கும்.

எங்கள் வீட்டுச் சுவர்

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் உம்மா என் கையையும் காலையும் தொட்டுப் பார்த்தார். நான் கல் உடைந்த கதையைச் சொல்லவில்லை. கால் கழுவப் பின்பக்கம் போனேன். சமையலறைச் சுவரில் பல வருடமாகவே பூச்சு உதிர்ந்திருக்கிற ஓர் இடம் உண்டு. சின்ன வயதில் அதில் விரல் விட்டு விளையாடியிருக்கிறேன். அன்று தொலைபேசி வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன். கல் முழுவதும் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிறு குழிகள். காலையில் புறாத்தீவுக் கரையில் கையில் எடுத்துப் பார்த்த அதே குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு பொலிப்பு இருந்த கிண்ணம்.

திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன். அப்பா என்றால் உம்மாவின் வாப்பா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

"அப்பா, நம்மட வூட்டுச் சுவர் என்ன கல்லு?"

"கடல் கல்லு. கல்குடாப் பக்கம் எடுத்தது. பூச்சுச் சுண்ணாம்பும் அந்தக் கல்ல எரிச்சதுதான்."

எனக்குத் தெரியாத ஒரு கதையை அன்று அவர் சொன்னார். இளமையில் அவர் சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தவர். வள்ளத்தில் போய், இடுப்பளவு நீரில் இறங்கி, அலவாங்கால் கல்லைப் புரட்டி ஏற்றுவார்கள். கரையில் விறகும் கல்லும் மாறி மாறி அடுக்கி இரவும் பகலும் எரிப்பார்கள். வெந்த கல்லில் தண்ணீர் ஊற்றினால் சீறிக்கொண்டு பொடியாகும். இரசாயனத்தில் நாம் படிக்கும் தாக்கம்தான் அது. கல்சியம் காபனேற்று வெப்பத்தால் கல்சியம் ஒட்சைட்டாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிகிறது. ஒட்சைட்டு நீரோடு சேர்ந்து நீறிய சுண்ணாம்பாகிறது. கடல் விலங்கு பல வருடம் கட்டியது சில நாளில் மாவாகிவிடும். அதற்காகக் காட்டு மரமும் எரியும்.

"அது உயிருள்ள சாமான் எண்டு தெரியுமா அப்பா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் குரலில் இருந்த கோபம் எனக்கே கேட்டது.

அப்பா கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "கடல்ல கெடந்த கல்லுதானே எண்டு நினைச்சம் மகள். எங்களுக்கு ஆரு சொல்லித் தந்த? புள்ளைகள் பசிச்சிக் கெடக்கக்குள்ள கல்லுக்கு உயிர் இரிக்கா எண்டு கேக்கிறதா? ஒங்கட உம்மாக்கு இந்த வூட்டக் குடுத்துத்தான் கலியாணம் முடிச்சது."

எங்கள் பகுதியில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் திருமணம் நடக்கும் என்பது வாசகர்கள் அறிந்ததே. அந்த வீடு உம்மாவுக்கு வந்தது. நாளை எனக்கும் வரலாம். பகலில் என் காலடியில் மூன்று கிளைகள் முறிந்தன. இரவில் நான் நின்றதோ முழுவதும் முறித்தெடுத்த கல்லால் கட்டிய வீட்டில். கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தேன். அப்பாவுக்கு அது விலங்கு என்று தெரியாது. எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். தெரிந்த பிறகும் நான்தான் மிதித்தேன்.

சுண்ணாம்புக்காகக் கல் எடுப்பது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. தென்மேற்குக் கரையிலும் பெருமளவில் நடந்தது. 1981 இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் 1988 இல் செய்யப்பட்ட திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடை செய்தது.

கடலின் மதில்

அப்பா சொன்னதை மறுநாள் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் 2005 இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிக் கூறினார். அதைப் படித்த பிறகு, முருகைக்கல் எனக்கு வெறும் அழகுப் பொருளாகத் தெரியவில்லை.

இலங்கையில் பிறந்த பேராசிரியர் ஹரிந்திர பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் சுனாமிக்குப் பின் தென்மேற்குக் கரையை ஆராய்ந்தார்கள். ஹிக்கடுவையில் முருகைத் தொடர் பாதுகாக்கப்பட்டிருந்தது. அங்கே அலை இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் வந்து, ஐம்பது மீற்றர் அளவே உள்ளே புகுந்தது. அங்கிருந்து வடக்கே சுமார் மூன்று கிலோமீற்றர் தூரத்தில் பெரேலிய இருக்கிறது. அங்கே கல் சட்டவிரோதமாக அகழப்பட்டிருந்தது. பத்து மீற்றர் உயர அலை ஒன்றரைக் கிலோமீற்றர் வரை புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு சமுத்திரதேவி ரயிலைக் கடல் புரட்டிப்போட்டது அந்த இடத்தில்தான்.

இங்கே ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுனாமியின் பலம் கடலடித் தரையின் அமைப்பையும், நிலநடுக்கம் நடந்த இடம் எவ்வளவு அருகில் என்பதையும் பொறுத்தும் மாறும். இந்தோனேசியாவின் அச்சேயில் நல்ல முருகைத் தொடர் இருந்த கரைகளும் தப்பவில்லை. ஆகவே கல் இருந்தால் சுனாமி வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அன்றாட அலையையும் புயல் அலையையும் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. உலகின் பல கடல்களில் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான கட்டுரையின்படி, முருகைத் தொடர்கள் அலையின் சக்தியில் சராசரியாக 97 சதவீதத்தைக் குறைக்கின்றன. கடலுக்குள் இருக்கும் அந்த மதில் கரை அரிக்காமல் காக்கிறது. கடற்றரையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடத்தைப் பிடித்துள்ள இத்தொடர்களில் கடல் உயிரினங்களின் கால்வாசி தங்கியிருக்கின்றது. நம் சந்தைக்கு வரும் மீனும் அதில் அடங்கும்.

ஒரு மதிலை உடைத்து இன்னொரு மதில் கட்டினோம். வீட்டு மதிலை வேறு கல்லாலும் கட்டலாம்.

போகின்றவர்கள் கவனத்துக்கு

புறாத்தீவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். போயிருக்காவிட்டால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். படகோட்டிகளின் பிழைப்பும் அதில் இருக்கிறது. கல் உயிரோடு இருந்தால்தான் தங்களுக்குத் தொழில் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் போகும் முறை என்று ஒன்று உண்டு.

முதலாவது, மிதக்கத் தெரியாமல் முருகைக்கல் உள்ள இடத்துக்குப் போகக்கூடாது. மணற்பாங்கான இடத்தில் அரை மணி நேரம் பழகுங்கள். கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, அதை வெளியேற்றிப் பாருங்கள். அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைத்திருந்தால் மூன்று கிளைகள் முறிந்திருக்காது.

இரண்டாவது, உயிர்காப்பு அங்கியைக் கழற்றக் கூடாது. அது நம்மைக் காப்பதோடு, நம் காலிலிருந்து கல்லையும் காக்கிறது.

மூன்றாவது, சூரிய ஒளிக்குப் பூசும் சில களிம்புகளில் முருகைக்கல்லுக்குத் தீங்கு செய்யும் இரசாயனங்கள் இருக்கின்றன. ஒக்சிபென்சோன், ஒக்ரினொக்சேற்று என்ற இரண்டு கலந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்தது. நாங்கள் கைகால் மூடிய உடை அணிந்ததால் களிம்பே தேவைப்படவில்லை. எங்கள் உடையைப் பார்த்துச் சிரித்த சிலரிடம் இதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

நான்காவது, மீனுக்கும் ஆமைக்கும் உணவு போடாதீர்கள். துரத்திப் படம் எடுக்காதீர்கள். சிறு துண்டு முருகையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கடைகளில் விற்றாலும் வாங்காதீர்கள்.

ஐந்தாவது பெற்றோருக்கு. பெண்பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டப் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. எங்கள் வீட்டிலும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் நீந்தத் தெரியாத பிள்ளைக்குத்தான் கடல் அதிகம் ஆபத்து. நம் ஊரில் பெண்கள் தனியாகப் பாதுகாப்பாக நீச்சல் பழக ஓர் இடமும் நேரமும் ஏற்பாடு செய்தால், அது நமக்கும் நல்லது, கல்லுக்கும் நல்லது.

புறாத்தீவு தூரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் மாவட்டத்திலேயே பாசிக்குடாவிலும் காயன்கேணியிலும் முருகைத் தொடர்கள் இருக்கின்றன. அப்பா கல் எடுத்த கடலும் அதுதான். காயன்கேணி 2019 இல் கடற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அடுத்த தவணையில் அங்கே போய் ஒரே இடத்தை வருடத்துக்கு இரண்டு தரம் படம் எடுத்து, எத்தனை கல் உயிரோடு இருக்கிறது, எத்தனை வெளிறியிருக்கிறது என்று பதிவு செய்ய எங்கள் விஞ்ஞான மன்றத்தில் பேசியிருக்கிறோம். கனிட்ட மாணவிகள் அதைத் தொடர்ந்தால்தான் பயன் இருக்கும். ஒரு வருடப் பதிவு எதையும் சொல்லாது.

ஒரு வாரத்துக்குப் பிறகு உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் பதறி நின்றதையும் சேர்த்து. ஏசுவார் என்று நினைத்தேன். உம்மா பின்பக்கம் போய், பூச்சு உதிர்ந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத எடுத்த எடத்தில இப்ப திரும்ப வளருதா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. காயன்கேணிக்குப் போகும்போது பார்த்துக்கொண்டு வந்து சொல்கிறேன் என்றேன். "தனியப் போகாத. நானும் வாறன்" என்றார் உம்மா. கடற்கரைக்குப் போகாமல் இத்தனை வருடம் இருந்தவர் அப்படிச் சொன்னார். திகதி இன்னும் முடிவாகவில்லை. வாடைக்காற்று ஓய வேண்டும்.